எடுப்பு கக்கூஸும் எரு கக்கூஸும் ஒன்றா?

வடசென்னையில் 31 வருஷம் குழாய் வேலை பார்த்து, இப்போது எர்ணாவூரில் வசிக்கும் மேஸ்திரி இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, வி.ஆர்.எஸ். பணத்தில் மீஞ்சூரைத் தாண்டி இரண்டு சென்ட் இடம் வாங்கியிருக்கிறேன். நானும் மனைவியும் மட்டும்தான். 200 சதுர அடியில் ஒரே அறை, கூரையில் சோலார், ஒரு மழைத்தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் திட்டம். பாதாளச் சாக்கடை கிடையாது. நாலடி தோண்டினால் தண்ணீர். அமெரிக்காவில் குட்டி வீடுகளில் வாளி வைத்து மரத்தூள் போட்டு மூடுகிறார்களாம், அதையே வைக்கலாம் என்கிறான் பையன். சரிப்படுமா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: நாலடியில் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அந்த மண்ணில் செப்டிக் டேங்க் இறக்கினால் ஐப்பசி, கார்த்திகையில் டேங்கும் நிலத்தடித் தண்ணீரும் ஒன்றாகிவிடும். அதே தண்ணீரைத்தான் அடிபம்பில் அடித்துக் குளிப்பீர்கள். அதனால் மலத்தைத் தண்ணீரில் கரைக்காமல், இருந்த இடத்திலேயே மக்க வைக்கிற எரு கக்கூஸ் உங்கள் இடத்துக்கு நல்ல பொருத்தம். நானும் என் மனைவியும் 12க்கு 16 அடி வீட்டில் ஒன்பது வருஷமாக அதைத்தான் வைத்திருக்கிறோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியபோது, கக்கூஸுக்கென்று நாங்கள் ஒரு குடம்கூடக் கூடுதலாகப் பிடிக்கவில்லை.

ஆனால் வாளி வேண்டாம். பையன் சொல்வது அங்கே நடப்பதுதான். 400 சதுர அடிக்குள் வீடு, சில வீடுகள் சக்கரத்தின் மேலேயே நிற்கும், கழிவுநீர்க் குழாய்க்கு வழியில்லை. வாளி நிரம்பினால் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் குவியலில் கொட்டி வைக்கோலால் மூடுவார்கள். அவர்கள் காகிதத்தால் துடைக்கிறவர்கள். நாம் கழுவுகிறவர்கள். ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போனாலே மூன்றாம் நாள் அந்த வாளி சாக்கடையாகிவிடும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைத் தண்டையார்பேட்டைப் பாட்டியின் கேள்விக்குப் பதிலில் சொல்கிறேன்.

நீங்கள் கட்ட வேண்டியது தரைக்கு மேலே இரட்டைத் தொட்டி. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடி. அடித்தளம் காங்கிரீட், சுற்றிலும் செங்கல், பின்பக்கம் எருவை எடுக்க ஒரு பலகைக் கதவு. மேலே தளம் போட்டு, தொட்டிக்கு ஒன்றாக இரண்டு பேசின். பேசினில் மூன்று வழி இருக்கும்: முன்னால் சிறுநீருக்கு, நடுவில் மலத்துக்கு, கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து கழுவிக்கொள்ள ஒன்று. நடு ஓட்டையில் மட்டும் தண்ணீர் போகவே கூடாது. ஒரு தொட்டி நிரம்பினால் அதன் பேசினை மூடிவிட்டு அடுத்ததற்கு மாற வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு தொட்டி நிரம்ப ஒன்றரை வருஷம் பிடிக்கிறது. அதற்குள் மூடி வைத்தது மக்கிவிடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. திருச்சிப் பக்கம் முசிறியில், காவிரிக்கரையோரம், ஸ்கோப் தொண்டு நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன் இந்த வகையைத்தான் வீடு வீடாகக் கட்டிக் காட்டினார். 2021ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பயன்படுத்துகிறவருக்கே காசு கொடுத்த பொதுக் கழிப்பறைகூட அங்கே இருந்தது. நான் இரண்டு நாள் முசிறியில் தங்கி, பேசின், குழாய், பின்கதவு எல்லாவற்றையும் குனிந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். வீடியோவில் நாற்றம் தெரியாது, நாற்றமில்லாததும் தெரியாது.

போய்வந்ததும் இரண்டு கொட்டாங்குச்சி சாம்பலும் மரத்தூளும் கலந்து நடு ஓட்டையில் போட்டு மூட வேண்டும். மரத்தூள் வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். பசை கலக்காத வெறும் மரம் அறுத்த, காய்ந்த தூளாகக் கேளுங்கள். பிளைவுட் தூளில் பசை இருக்கும், மக்காது. சாம்பல் விறகடுப்புச் சாம்பலாக இருக்கட்டும். எங்கள் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்று யாராவது அள்ளிவரச் சொன்னால் கேட்காதீர்கள். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், பாதரசம், ஈயம் எல்லாம் உண்டு. எருவோடு சேர்ந்து அது உங்கள் மண்ணுக்குப் போகும்.

கழுவின தண்ணீரில் கிருமி இருக்கிறது. அதைச் சும்மா மண்ணில் விடாமல், அடியில் தார்ப்பாய் விரித்த ஜல்லிப் பாத்தியில் விட்டுக் கல்வாழை நடுங்கள். சிறுநீர்க் குழாயை 20 லிட்டர் கேனுக்கு இறக்குங்கள். ஒருவருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர் வரும். ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். உங்கள் பக்கத்து மண் ஏற்கெனவே உப்பாக இருந்தால் ஒரே மரத்துக்குத் தினமும் ஊற்றாதீர்கள், மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

படியை மறந்துவிடாதீர்கள். தொட்டி மேலே இருப்பதால் ஐந்து படி ஏற வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி வந்த பிறகுதான் கைப்பிடிக் குழாய் வைத்தேன். நீங்கள் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ராயபுரத்தில் வாடகை வீட்டு மொட்டை மாடி அறையில் இருக்கிறேன் அண்ணா. கீழே இறங்கிப் போகாமல் இங்கேயே ஒரு எரு கக்கூஸ் வைக்கலாமா?
– கல்லூரி மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி. தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறது, வீட்டுக்கு இணைப்பும் இருக்கிறது, அதில் போவதுதான் சரி. மக்கியதைப் போட உனக்கு ஒரு முழம் மண்ணும் இல்லை. தண்ணீர் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் துணி அலசின தண்ணீரை ஒரு டப்பில் பிடித்து வைத்து ஊற்று.

கேள்வி: பழவேற்காட்டில் எங்கள் அப்பா வீட்டில் நீங்கள் சொல்லுகிற மாதிரி இரட்டைத் தொட்டிதான். நாலு மாதம் நன்றாக இருந்தது. மழை ஆரம்பித்ததும் புழு நெளிகிறது, நாற்றம் தாங்கவில்லை. இடித்துவிடலாம் என்கிறார் அப்பா.
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: இடிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கம்மா. ஒரு மழைக்காலத்தில் எனக்கும் இப்படித்தான் ஆனது. கட்டின இரண்டாம் வருஷம், தீபாவளிக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் ஐந்து நாள் தங்கினார்கள். பின்னால் நகர்ந்து கழுவ வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. போதாததற்குப் பின்கதவு இடுக்கு வழியாக மழைச்சாரலும் உள்ளே போயிருக்கிறது. திறந்து பார்த்தபோது களி மாதிரி இருந்தது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஈரம் அதிகமானால் காற்று உள்ளே போகாது. காற்றில்லாமல் வாழும் கிருமி வேலையை எடுத்துக்கொள்ளும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு நீளக் குச்சியால் குத்திப் பாருங்கள். குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் அதிகம். பிழிந்த துணி மாதிரி ஈரப்பதம் இருந்தால் போதும். அந்தத் தொட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். காய்ந்த தென்னை நார்த்தூள் இரண்டு மூட்டை உள்ளே கொட்டிக் குச்சியால் கலக்குங்கள். பின்கதவின் இடுக்கைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள், திறக்கும் நாளில் தட்டி எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பதினைந்து நாளில் நாற்றம் நின்றது.

காற்றுக் குழாய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நாலங்குல பி.வி.சி. குழாய், கூரைக்கு மேல் இரண்டடி, கறுப்புப் பெயின்ட், உச்சியில் கொசுவலை. வெயிலில் கறுப்புக் குழாய் சூடாகி உள்ளே இருக்கும் காற்றை மேலே இழுக்கும். தொட்டிக்குள் பிறக்கும் ஈ, வெளிச்சம் தெரிகிற குழாய் வழியாகவே மேலே வரும், வலையில் மாட்டிச் சாகும். அதற்காகத்தான் பேசின் மூடியை எப்போதும் மூடி வைக்கச் சொல்வது. பினாயிலும் ஆசிடும் ஊற்றியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், மக்க வைக்கிற கிருமியை அது கொன்றுவிடும். பேசினை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தொட்டியின் அடித்தளம் தெருவை விட எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீடுகளில் செப்டிக் டேங்க் எதிர்த்துக்கொண்டு பேசின் வழியாகவே வந்தது. என் தொட்டி தெருமட்டத்திலிருந்து இரண்டடி மேலே இருந்ததால் தப்பித்தது. அந்த ஒரு வாரம் ஏழு வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து போனார்கள்.

கேள்வி: இந்த எரு கக்கூஸ் பற்றி வீட்டில் பேசினேன் ஐயா. பாட்டிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "எடுப்பு கக்கூஸை ஒழிக்க எத்தனை பாடு பட்டிருக்கோம், அதையே பேர் மாத்திக் கொண்டு வரீங்களா?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லம்மா. இந்த முறை வந்த கடிதங்களில் உன்னுடையதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

எடுப்பு கக்கூஸ் இருந்த சந்தில் நான் சிறுபிள்ளையாக நடந்திருக்கிறேன். வீட்டின் பின்சுவரில் ஒரு சின்னத் தகரக் கதவு, உள்ளே ஒரு சட்டி. விடிவதற்கு முன் ஒருவர் வந்து பச்சை மலத்தை வழித்து எடுத்துப் போவார். வீட்டுக்காரர் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எந்தச் சாதியில் பிறந்தவர்களை அந்த வேலைக்கு இறக்கினார்கள் என்பது பாட்டிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1993ல் ஒரு சட்டம், போதாமல் 2013ல் இன்னொரு சட்டம் போட்டுத்தான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது.

அந்த 2013 சட்டம் கிழித்திருக்கிற கோடு முக்கியம். மலம் முழுதாக மக்குவதற்கு முன்பே அதை மனிதர் கையாள வேண்டி வந்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை. கொருக்குப்பேட்டை வாசகருக்கு வாளி வேண்டாம் என்றேனே, காரணம் இதுதான். வாளியில் இருப்பது பச்சை மலம். இன்றைக்கு நீங்களே தூக்குவீர்கள். முழங்கால் வலி வந்த நாளில், "தூக்கிப்போட யாராவது ஆள் கிடைப்பாங்களா?" என்று கேட்பீர்கள். கேட்டால் ஆள் கிடைத்துவிடுவார். நம் ஊரில் கிடைத்துவிடுகிறார் என்பதுதான் கொடுமை. இரட்டைத் தொட்டியில் விழுந்தது விழுந்த இடத்திலேயே இருக்கும். மக்கி மண்ணாகிற வரை யாரும் தொட வேண்டியதில்லை.

செப்டிக் டேங்க் மட்டும் பாவமில்லாதது என்று நினைத்துவிடாதே. 1998ல் என்னிடம் கைவேலைக்கு ஒரு பையன் இருந்தான், 22 வயது. ஒரு அடுக்குமாடி வீட்டில் குழாய் அடைப்பு என்று போனோம். நான் மேலே பைப் ரெஞ்ச் எடுத்து வரப் போயிருந்தேன். வீட்டுக்காரர் நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லி டேங்க் மூடியைத் திறக்க வைத்திருக்கிறார். முதலில் அழுகின முட்டை நாற்றம் வந்ததாம். கொஞ்ச நேரத்தில், "அண்ணே, நாத்தம் போயிடுச்சு" என்று எனக்குக் கேட்கும்படி குரல் கொடுத்துவிட்டு இறங்கினான். அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்குத்தான் மரத்துப்போகும், நாற்றம் போனதாகத் தோன்றும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் கீழே வந்தபோது அவன் செருப்பு மட்டும் டேங்க் ஓரத்தில் இருந்தது.

1993லிருந்து இப்படி இறந்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னது. 2023ல் அதை முப்பது லட்சமாக்கியது. முதல் தீர்ப்பின் நகலை வைத்துக்கொண்டு அவன் அம்மாவோடு எத்தனை மேசைகளுக்கு அலைந்தேன் என்பதை இன்னொரு வாரம் எழுதுகிறேன். அந்தப் பையன் போனதிலிருந்து, மனிதர் இறங்க வேண்டிய எந்தக் குழியையும் நான் கட்டிக் கொடுத்ததில்லை.

அதனால் பாட்டியிடம் இதைச் சொல்: தொட்டியைத் திறக்கிற நாளில் மண்வெட்டி பிடிக்கிறவர் அந்த வீட்டுக்காரராக இருந்தால் அது எரு கக்கூஸ். கூலிக்கு ஆள் வைத்தால், பாட்டி சொன்னதுதான் சரி, அது எடுப்பு கக்கூஸ். எங்கள் வீட்டில் நான் திறப்பேன், என் மனைவி கூடையில் வாருவார். முதல் தடவை பலகையைக் கழற்றும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே கறுப்பாக, பொலபொலவென்று, காப்பித்தூள் மாதிரி இருந்தது. புதுமழை பெய்த மண் வாசனை. கையுறை போட்ட கையில் அள்ளி முகர்ந்து பார்த்தவர் என் மனைவிதான்.

கேள்வி: மக்கிய எருவைக் கீரைப் பாத்திக்குப் போடலாமா?
– திருவொற்றியூர் வாசகி

பதில்: போடாதீர்கள் அம்மா. நம் ஊர்ச் சூட்டில் கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து ஒரு வருஷமாவது மூடி வைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி. கிருமிகளில் பலவும் சீக்கிரம் செத்துவிடும். உருண்டைப் புழுவின் முட்டைதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

என் முதல் எருவை முருங்கைக்குப் போட்டபோது, பத்தே நாளில் மரத்தடியில் தக்காளிச் செடிகள் கூட்டமாக முளைத்தன. நாங்கள் விதைக்கவில்லை. சாப்பிட்ட தக்காளியின் விதை, வயிற்றைத் தாண்டி, தொட்டியையும் தாண்டி உயிரோடு இருந்திருக்கிறது. சின்னத் தொட்டியில், விதையும் கிருமியும் சாகிற 55 டிகிரி சூடெல்லாம் ஏறுவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. விதை பிழைத்தால் புழு முட்டையும் பிழைத்திருக்கலாம். அதிலிருந்து ஒரு வருஷத்துக்குப் பதில் ஒன்றரை வருஷம் மூடி வைக்கிறேன். முருங்கை, வாழை, தென்னை, மருதாணி இவற்றுக்கு மட்டும்தான் வேரடியில் குழி வெட்டிப் போட்டு மேலே மண் மூடுகிறேன். கீரை, வெங்காயம், கொத்தமல்லி மாதிரி மண்ணைத் தொட்டு நிற்கிற எதற்கும் போடுவதில்லை. எரு அள்ளின கையுறையைத் தனியாக வெயிலில் தொங்கவிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள்.