“கொழும்புக்கு வா” என்று தாள் வந்தால்

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, தம்பிக்கு 23 வயது. கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. நவம்பர் கடைசியில் யாரோ பேஸ்புக்கில் போட்ட விளக்கேற்றும் படம் ஒன்றைப் பகிர்ந்திருக்கிறான். அவன் லீவில் வந்திருந்தபோது சிவில் உடுப்பில் இரண்டு பேர் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வந்து, சிங்களத்தில் ஒரு தாளைத் தந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். போனையும் கொண்டுவர வேண்டுமாம். அவனை இந்தியாவில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று அம்மா கேட்கிறார். அப்பாவோ, ‘குண்டு வெடிக்காம இருக்கணும்னா இப்படிச் சட்டம் வேணும்தானே, தப்புச் செய்யலைன்னா என்ன பயம்’ என்கிறார். நாங்கள் என்ன செய்வது?”

முதலில் அம்மாவுக்கு. எங்கும் அனுப்பாதீர்கள். இப்போது அவர் விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஓர் ஆள், அவ்வளவுதான். தலைமறைவானால் நாளைக்கு நீதிமன்றத்தில் எந்தச் சட்டத்தரணி எழுந்து நின்றாலும் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது “ஓடிப்போனவர்” என்பதைத்தான். போனில் உள்ள எதையும் அழிக்கவும் வேண்டாம். அந்தப் பதிவு ஏற்கனவே அவர்கள் கையில் படமாக இருக்கும். அழித்தால் சாட்சியத்தை ஒழித்தார் என்ற இன்னொரு தலைவலிதான் மிச்சம்.

அந்தத் தாளை சிங்களம் வாசிக்கத் தெரிந்த, நீங்கள் நம்பும் ஒருவரிடம் காட்டுங்கள். எந்தப் பிரிவு அனுப்பியது, யாருடைய கையெழுத்து, சாட்சியாகவா சந்தேக நபராகவா கூப்பிடுகிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்ற நாலும் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாலாவதுதான் உயிர்நாடி. சாதாரண சட்டம் என்றால், கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் அது 72 மணித்தியாலம். அதற்குள் பாதுகாப்பு அமைச்சர் தடுப்புக் காவல் கட்டளையில் கையெழுத்திட்டுவிட்டால், மூன்று மூன்று மாதமாக நீட்டி 12 மாதம் வரை வைத்திருக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இது 18 மாதமாக இருந்தது.

இந்தச் சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது. 48ஆம் இலக்கச் சட்டம், பெயரிலேயே “தற்காலிக ஏற்பாடுகள்” என்று இருக்கிறது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. ‘தற்காலிகம்’ என்றால் என்ன என்று லயத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு படத்தைப் பகிர்ந்ததற்கு இந்தச் சட்டம் பாயுமா என்றால், பாயக்கூடும். பயங்கரவாதம் என்றால் என்ன என்று இந்தச் சட்டத்தில் வரைவிலக்கணமே கிடையாது, குற்றங்களின் பட்டியல்தான் இருக்கிறது. அதில் 2(1)(எச்) என்றொரு பிரிவு. பேச்சாலோ எழுத்தாலோ படத்தாலோ இனங்களுக்கிடையில் பகையுணர்வை உண்டாக்குவது, உண்டாக்க நினைப்பது எல்லாம் அதற்குள் வரும். தண்டனை 5 முதல் 20 வருடம். கொலைக்கும் குண்டுக்கும் எழுதிய சட்டத்துக்குள் ஒரு கவிதையும் அகப்படும் அளவுக்கு அந்த வலையின் கண் சின்னது. அகப்பட்டும் இருக்கிறது. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 2020 மே மாதம் கைதானார். தமிழில் எழுதி வெளியிட்ட கவிதைகள்தான் விவகாரம். 2021 டிசம்பரில் பிணை, 2023இல் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலைதானே என்று நாம் சொல்லலாம், அந்த வருடங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

உங்கள் தம்பி பகிர்ந்த படத்தை நான் பார்க்கவில்லை. இறந்தவருக்கு விளக்கேற்றி நினைவுகூர்வது குற்றமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் படத்தில் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கொடியோ சின்னமோ தலைவரின் உருவமோ இருந்தால் கதை வேறு. அதைப் பார்த்துவிட்டுத்தான் சட்டத்தரணி பேச்சைத் தொடங்குவார்.

செவ்வாய்க்கிழமை தம்பி தனியே போகக் கூடாது. பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி ஆஜராகலாம் என்பதற்கு 2012ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள், நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போவது தைரியத்துக்கு நல்லது, ஆனால் அவர் சட்டத்தரணி ஆகமாட்டார். “நான் பேசி முடிச்சிர்றேன்” என்று தலைவர்மார் சொல்லி, அந்தப் பேச்சிலேயே விஷயம் சிக்கலான கதைகள் எனக்குத் தெரியும்.

அடுத்தது வாக்குமூலம். எனக்கு அதிகம் பயம் இருப்பது இங்கேதான்.

சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்குகிறது. உதவி பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த ஒப்புதல் செல்லும், அது அடித்தோ மிரட்டியோ வாங்கியது என்றால் அதைக் காட்டும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். பூட்டிய அறைக்குள் தன்னை அடித்தார்கள் என்று, அடித்தவர்களைத் தவிர சாட்சி இல்லாத ஒருவர் காட்ட வேண்டும். 2022 திருத்தம் இந்தப் பிரிவில் கை வைக்கவில்லை.

நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் வழக்கு எங்கள் தொழிலில் அடிக்கடி வாயில் வருவது. 1993இல் பிடிபட்டார். தமிழ் மட்டும் தெரிந்தவர். ஒப்புதல் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது, கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். அந்த ஒரு காகிதத்தை வைத்து 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. அதை வைத்து இங்கே மறுபரிசீலனை கேட்டபோது 2006இல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அதனால்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்காதே. கடையில் பேசிப் பழகிய சிங்களம் வேறு, வாக்குமூலத்துச் சிங்களம் வேறு. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே “எனக்குத் தமிழில்தான் சொல்லத் தெரியும், தமிழில் எழுதுங்கள்” என்று தம்பி கேட்பது அடம் பிடிப்பது ஆகாது. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்க வேண்டும், பிழையிருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். தமிழ் எழுதுபவர் இல்லை என்று சொன்னால், கையெழுத்துக்கு மேலே தன் கையாலேயே தமிழில் “இது எனக்கு விளங்கவில்லை” என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும். சின்ன வரிதான், வழக்கில் அது பேசும். ஆனால் பொய் சொல்ல வேண்டாம். ஒருவர் குற்றம் செய்தது தெரிந்தும் அறிவிக்காமல் இருப்பதே 5ஆம் பிரிவின் கீழ் ஏழு வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். தெரிந்ததைச் சொல்வது, தெரியாததை ஊகித்துச் சொல்லாமல் இருப்பது, இரண்டும் வேண்டும்.

போனைப் பொறுத்தவரை, சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்ற 6ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவும் இல்லை. கேட்டால் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். கைப்பற்றியதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு கேளுங்கள், போனின் ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தை இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை சட்டத்தரணியிடம் பேசாமல் சொல்ல வேண்டாம்.

அங்கேயே கைது செய்தால்? காரணத்தைச் சொல்ல வேண்டும், அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. யார் கைது செய்தது, என்ன பதவி, எத்தனை மணிக்கு, எங்கே, எதற்கு என்ற விபரத்தோடு உறவினருக்குப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று 2006இலும் 2016இலும் ஜனாதிபதிப் பணிப்புரைகள் வந்தன. இந்தச் சட்டத்தில் கைது செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிப்பதும் கட்டாயம். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே 1996க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கண்டியிலும் பதுளையிலும் கிளைகள் உண்டு.

எல்லாவற்றுக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கில் ஒரு பையனை விடியற்காலையில் லயத்திலிருந்து கொண்டுபோனார்கள். பொலிஸ் புத்தகத்தில் அடுத்த நாள் பின்னேரம் டவுனில் பிடித்ததாக இருந்தது. பையனின் அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஜீப் திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, நம்பரை அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுத வைத்திருந்தார். பக்கத்தில் “பிரட்டுத் தப்பு அடிக்கும் முன்னே” என்று ஒரு குறிப்பு; காலையில் வேலைக்குக் கூப்பிட அடிக்கும் பறை அது. கணக்கப்பிள்ளை வந்து அதைப் பார்த்துத் தன் கொப்பியில் திகதியோடு எழுதிக்கொண்டார். அந்த நம்பரும் அந்தக் கொப்பியும்தான் பிறகு எங்களுக்குக் கை கொடுத்தன.

சித்திரவதையோ சட்டவிரோதக் கைதோ நடந்தால் அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். மலையகத்தில் அதிகம் கோட்டைவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். தடுப்புக் காவலில் இருப்பவரை நீதவான் மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது 2022இல் வந்த நல்ல மாற்றம். நீதவான் “ஏதாவது சொல்ல இருக்கிறதா” என்று கேட்டால் “இல்லைங்க ஐயா” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடக் கூடாது. அடி விழுந்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், சட்ட மருத்துவ அதிகாரியிடம் அனுப்ப அவருக்கு அதிகாரம் இருக்கிறது. 12 மாதமாகியும் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம்.

இனி அப்பாவுக்கு. அவரை நான் குறை சொல்லமாட்டேன். 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த நாளை மறக்காத தலைமுறை அது. 2019 உயிர்த்த ஞாயிறன்று 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாட்டுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பயங்கரவாதத் தடைச் சட்டம் முழு அதிகாரத்தோடு இருந்தது, தாக்குதல் நடக்கப்போவதாகத் தகவலும் முன்கூட்டியே வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அன்றைக்குக் குறைவாக இருந்தது அதிகாரமா, வேலையா என்று அப்பாவே சொல்லட்டும்.

“தப்புச் செய்யலைன்னா என்ன பயம்” என்பதற்கும் எங்கள் மலையிலேயே பதில் இருக்கிறது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் 20க்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் புகுந்து கொன்றது. பொலிஸ் அங்கே இருந்தது. கடைசியில் 2005இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் விடுதலையானார்கள். காவலில் வைப்பவர் காவலுக்கும் பொறுப்பு, அந்தப் பொறுப்பைக் கேட்க ஒரு நீதிபதியும் ஒரு சட்டத்தரணியும் ஒரு உறவினரும் வெளியே இருக்க வேண்டும்.

அரசியலமைப்பே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. தேசிய பாதுகாப்புக்காக எந்த உரிமைகளைக் கட்டுப்படுத்தலாம் என்று 15(7) உறுப்புரை பட்டியல் போடுகிறது: பேச்சு, கூட்டம், நடமாட்டம், கைது பற்றிய உரிமைகளில் ஒரு பகுதி. 11ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. அதுதான் சித்திரவதைக்கு எதிரானது. போர் என்றாலும் குண்டு என்றாலும் அதைத் தொட முடியாது. நீதிமன்றங்களும் சில நேரம் பிரேக் போடுகின்றன. 2022இல் இதே சட்டத்தில் பிடிபட்ட மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை 2023 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மேலதிக நீதவான் அந்தக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார். அதற்கு ஐந்து மாதத்துக்கும் மேல் ஆனது.

சரி தங்கச்சி, இப்போதைக்கு இரண்டு வேலை. தம்பியின் அடையாள அட்டை, கடையின் வேலைக் கடிதம், அவர் பகிர்ந்த பதிவின் படம் மூன்றையும் பிரதி எடுத்து வீட்டில் ஒன்று, சட்டத்தரணியிடம் ஒன்று என வையுங்கள். அப்புறம் அந்தச் சிங்களத் தாளின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துக்குக் கீழே பதவி முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.