நாற்பது நாளுக்குப் பிறகு யார் வருவார்கள்?

கேள்வி: எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்திருக்கிறார்கள். தாய் இல்லாத பெண், மாமியாருக்கும் முடியவில்லை. மூத்தது எல்.கே.ஜி. படிக்கிறது. எங்கள் மகளிர் குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம். என்ன செய்தால் உருப்படியாக இருக்கும்?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதல் பத்து நாளில் எல்லோரும் போய் நிற்காதீர்கள். அந்த நாட்களில் ஆட்களுக்குக் குறைவே இருக்காது. தொட்டில் பக்கத்தில் நிற்க இடமிருக்காது. நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றி முடிந்ததும் வீடு காலியாகிவிடும். இவருக்கோ போக ஒரு தாய் வீடுகூட இல்லை. எனவே மூன்றாவது வாரம் தொடங்கி பன்னிரண்டாவது வாரம் முடிய, பத்து வாரத்துக்குத் திட்டமிடுங்கள். வாரம் மூன்று மதியச் சாப்பாடு என்றால் மொத்தம் 30. ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று அல்லது நான்கு முறைதான் வரும், யாருக்கும் பாரமில்லை.

யார், எந்தக் கிழமை என்பதை ஒரே ஆள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் குழுவை நம்பினால் நான்காம் நாளே காலை வணக்கப் படங்களுக்குள் முறை காணாமல் போகும். தொடங்கும் முன் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள், மாமியாரிடம் அல்ல. ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்றால் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ‘செவ்வாய்க்கிழமை நான் சோறு கொண்டாரேன், வெள்ளிக்கிழமை துணி துவைச்சுத் தரட்டுமா?’ என்று கேட்டால் பதில் வரும்.

சாப்பாடு பன்னிரண்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். பிள்ளை ஒரு கையில் இருக்கும், மறு கையால் சாப்பிடக் கூடியதாக இருக்கட்டும்: குழைந்த சோறு, கீரைக்கூட்டு, முள் எடுத்த மீன் அல்லது முட்டை. உடனே திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள். பலர் மறப்பது ராத்திரியை. இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் அகோரப் பசி எடுக்கும். அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை), பொட்டுக்கடலை உருண்டை, ஒரு பாட்டில் தண்ணீர் தலைமாட்டில் இருந்தால் போதும். மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் வேலையை ஒருவரே எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு முகம் மாறினால் குழந்தை அழும். ஆபரேஷன் ஆனவர் ஆறு வாரத்துக்குத் தன் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஆகவே தண்ணீர்க் குடம் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

எங்கே கெட்டுப்போகும் தெரியுமா? உதவிக்குப் போனவர்கள் குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதில். தாய் எழுந்து காபி போடுவாள். தலைகீழாகச் செய்யுங்கள்: பிள்ளை தாயிடம், பாத்திரம் உங்களிடம். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைக்கு முத்தம் வேண்டாம், அறையில் சாம்பிராணிப் புகை வேண்டாம். இன்னொன்று, ‘பால் பத்தலை போலிருக்கே’ என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. டப்பாப் பால் பாதி வீடுகளில் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நுழைகிறது. பால் போதுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது: முதல் வாரம் முடிவதற்குள் 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும், 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அழுகை கணக்கில் வராது.

கீழே உள்ளதில் எதைப் பார்த்தாலும் உங்கள் முறை முடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு, மூச்சுத்திணறல். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்றால் அன்றே மருத்துவமனை. ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு பிரசவத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரைகூட வரலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பிரசவமாகி பன்னிரண்டு நாள். என் அம்மா தண்ணீரே கொடுக்கக் கூடாது என்கிறார். பூண்டும் கருவாடும்தான் பத்தியம். சுறாப் புட்டு செய்தால்தான் பால் ஊறும் என்கிறார். சரியா?
– ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: தண்ணீரை நிறுத்துவது தவறு. தையல் புண் ஆறாது என்பதற்காகச் சொல்கிறார்கள். நடப்பதோ மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் வெந்நீர் என்று வைத்துக்கொண்டால் பாட்டிக்கும் மனம் கோணாது.

பால் சுரக்கச் செய்வது பிள்ளை சப்புவதுதான். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு ஊறும். சுறா நல்ல புரதம், அவ்வளவுதான். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் நெத்தலி, மத்தி மேல். பூண்டு போட்டுக் குழம்பு வைத்தால் பாட்டியின் பத்தியமும் காப்பாற்றப்படும். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்குத் தினம் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பட்டியல். சாம்பாரோடு நாலு இட்லி, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி மல்லாட்டை கிட்டத்தட்ட அந்த அளவு. பத்தியம் என்று வயிற்றைச் சுருக்கினால் இதற்கு எங்கே போவது?

இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள் தினம் ஒன்று. கால்சியம் தினம் இரண்டு வேளை, ஆறு மாதம். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீ, காபி கூடாது. பிள்ளைக்குத் தேன், வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மனைவிக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை, அழுகிறாள். காத்து கருப்பு என்று ஊரில் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஐந்தாவது வாரத்திலும் நீடிப்பது அது அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து மாத்திரைக்கும் பேச்சுக்கும் குணமாகும் நோய். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக் கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, எனவே அந்தப் பயத்தில் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது ‘பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை’ என்ற வரியை அப்படியே சொல்லுங்கள், மிக உபயோகமான தகவல் அது. உடனே பேச 14416, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

உங்கள் பங்கு: நைட் ஷிப்ட் இல்லாத வாரங்களில் ராத்திரி ஒரு தொடர் தூக்கம், குறைந்தது நான்கு மணி நேரம், அவருக்குக் கிடைக்கச் செய்யுங்கள். பால் குடித்து முடித்ததும் ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது உங்களுடையது. நைட் ஷிப்ட் வாரங்களில் உங்கள் அக்காவோ மனைவியின் அம்மாவோ கூடப் படுக்கட்டும். இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்பது, இவை வேறு. பழையவர்கள் பிரசவ சன்னி என்பது இதைத்தான். ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: மகப்பேறு விடுப்பு முடிந்து மாமியார் வீட்டிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். பாலை எடுத்து வைக்கலாமா?
– ஒரு வாசகி, பாகூர்

பதில்: வைக்கலாம். இரண்டு வாரம் முன்பே பழகுங்கள், முதல் நாளில் வராத பாலைப் பார்த்துப் பயந்துபோவதுதான் பலரையும் நிறுத்த வைக்கிறது. வேலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள். அறையின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அது பொருந்தாது, ஐஸ் பேக் வைத்த பையில் வையுங்கள், ஒரு நாள் தாங்கும். ஃப்ரிட்ஜில் உட்பக்கமாக வைத்தால் நான்கு நாள். கதவில் வைக்கக் கூடாது. 60 முதல் 90 மில்லி என்று சிறு சிறு மூடிப் பாத்திரங்களில் பிரித்துத் தேதி எழுதி வையுங்கள். அடுப்பில் சூடாக்காமல் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். பிள்ளை மீதி வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஊற்றிவிட வேண்டும். மாமியார் பாட்டிலைவிடப் பாலாடையில் புகட்டட்டும், கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினம் இரண்டு இடைவேளை உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தாய் வீடு புதுச்சேரி, மாமியார் வீடு கடலூர். குழந்தைக்குத் தடுப்பூசி எங்கே போடுவது?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எங்கே இருக்கிறீர்களோ அங்கே. 6, 10, 14 வாரங்களில் போட வேண்டியவை பெரும்பாலும் ஊர் மாறும் நேரத்தில்தான் விழும். தாய்-சேய் அட்டையைப் பையில் முதலில் வையுங்கள், மாமியார் வீட்டுக்கு வந்ததும் அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் வந்தது யாருக்கும் தெரியாவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள்.