இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையை எடைபோடலாமா?

கூடாது. ஓர் ஆய்விதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே இம்பாக்ட் ஃபேக்டர். நாலைந்து கட்டுரைகளே அதைத் தூக்கிவிடும். மீதியில் பலவற்றைச் சீண்ட ஆளிருக்காது. அதனால்தான் தனிக் கட்டுரையை இதை வைத்து அளக்காதீர்கள் என்கிறது ஆய்வுகளை மதிப்பிடும் முறையைச் சீர்திருத்த 2012-இல் உருவான டோரா பிரகடனம்.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் சந்தையின் சராசரி விலையைப் பார்த்தா மூட்டை எடுக்கிறார்கள்? விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பார்கள். திறந்த தரவு, அதாவது ஆய்வின் தரவை எவரும் பார்க்கும்படி வைப்பது, அப்படி ஒடித்துக் காட்டுவதுதான்: மூல அளவீடுகளை சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக, நெடுவரிசை விளக்கம், அலகுகளோடு ஸெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றி, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைக் கட்டுரையில் தருவது. ‘கேட்டால் தருவோம்’ என்பது உதவாது, ஆய்வாளரின் மின்னஞ்சல் மாறிவிடும்.

திறந்த தரவு என்றால் நோயாளி பெயர்வரை கொட்டிவிடுவது என்று நினைக்க வேண்டாம்; அடையாளம் நீக்கித்தான் ஏற்ற வேண்டும்.