எழுதப்படாத விளக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருகோணமலையில் பிறந்து உப்புவெளியில் வளர்ந்தவன். படிக்க அமெரிக்கா வந்து, 2010இல், தமிழ் தெரிந்த வெளிநாட்டவன் என்ற தகுதியில் இராணுவத்தில் இணைந்தேன். இப்போது ஸ்டாஃப் சார்ஜன்ட். 2015இல் ஓர் இரவு மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டிப் பொலிஸாரிடம் பிடிபட்டேன். அதற்காக ஜெனரல் ஒருவர் கையெழுத்திட்ட கண்டனக் கடிதம் என் நிரந்தரப் பதிவேட்டில் இருக்கிறது. குடித்தது உண்மை. மூச்சுப் பரிசோதனைக்கு நான் மறுத்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார்கள், அது உண்மையல்ல. பொலிஸ் நிலையத்தில் பரிசோதனைக்கு உட்பட்டேன். அதன் பதிவு இப்போது என் கையில் உண்டு. பதில் எழுத அன்று ஏழு நாள் தந்தார்கள். நான் எழுதவில்லை; பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். அதன்பின் ஒரு குறையுமில்லாமல் சேவை செய்தும் பதவி உயர்வு தள்ளித் தள்ளிப் போகிறது. கடிதத்தை முழுவதுமாக நீக்கும்படி விண்ணப்பிக்கப் போகிறேன். வரைவை இணைத்துள்ளேன். பாதி உண்மையான ஒன்றை நீக்கக் கேட்பது நேர்மையா? ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இதைச் சொல்லவேண்டுமா? இன்னொரு நாட்டின் படையில் சேர்ந்ததே பிழை என்று நினைக்கிறீர்களா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் இதே விடயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சில வாரங்களுக்கு முன் எங்கள் தெருவிலுள்ள ஆசிரியை ஒருவர், தன்னிடம் விளக்கம் கோரி வந்த கடிதமொன்றைக் கொண்டுவந்து காட்டி, "பிழைதான் என்று எழுதி ஒப்பம் வைத்துவிட்டால் கரைச்சல் முடிந்துவிடும்தானே" என்று கேட்டார். அவர் செய்யாத பிழை அது. அவரை இருத்தி, நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதவைத்து அனுப்பினேன். அடுத்ததாக உங்கள் கடிதம் வந்தது.

எந்தப் படையில் சேர்ந்தீர்கள் என்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. உங்களைச் சேர்த்த திட்டம் தனக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழையும் சிங்களத்தையும் வைத்திருந்தது. 2016இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தும்வரை எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் அதன் வழியாகப் போனார்கள். தாய்மொழியைக் கொண்டு ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டீர்கள். அதற்கு என்னிடம் நியாயத் தீர்ப்புக் கேட்கத் தேவையில்லை.

ஆனால் குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதை உங்கள் கடிதம் ஒரே வரியில் கடந்துபோகிறது. வரைவிலோ அது "இளவயதின் கணநேரத் தடுமாற்றம்" ஆகிவிட்டது. இதை நான் ஏற்கமாட்டேன். நிலாவெளி வீதியில் இரவு வாகனம் ஓட்டுபவர்களை நம்பித்தான் உங்கள் அம்மா கடையால் வீட்டுக்கு நடந்து வருகிறார். அன்றிரவு டெக்சாஸிலோ வேறெங்கோ உங்கள் வாகனத்துக்கு முன்னால் யாரேனும் வீதியைக் கடந்திருந்தால், இன்று நாம் பேசுவது பதவி உயர்வைப் பற்றியாக இருக்காது. அந்தச் சொற்றொடரை வெட்டுங்கள். "குடித்திருந்தேன், ஓட்டினேன்" என்று எழுதுங்கள்.

இனி நேர்மை பற்றிய கேள்வி. இதற்கு உங்கள் இராணுவத்தின் 600-37ஆம் இலக்க ஒழுங்குவிதியே வழி வகுத்திருக்கிறது. உங்கள் வரைவைப் பார்த்தால் நீங்கள் அதை நிதானமாக வாசித்ததாகத் தெரியவில்லை. அங்கே இரண்டு வெவ்வேறு கோரிக்கைகளுக்கு இடமுண்டு. ஒன்று நீக்கம். கண்டனம் முழுவதுமாகவோ பகுதியாகவோ உண்மையற்றது, அல்லது அநீதியானது என்பதைத் தெளிவானதும் நம்பவைக்கக்கூடியதுமான சான்றுகளால் நிறுவினால்தான் அது கிடைக்கும். மற்றது இடமாற்றம். கண்டனம் உண்மைதான், அது எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறிவிட்டது, இனி அதை ஒதுக்கி வைப்பது இராணுவத்துக்கே நல்லது என்று காட்டினால், பதவி உயர்வுக் குழுக்கள் வழக்கமாகப் பார்க்காத, கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பகுதிக்குக் கடிதத்தை மாற்றுவார்கள். இதைக் கண்டனம் கிடைத்து ஓராண்டாவது கழிந்தபின், குறைந்தது ஒரு சேவை மதிப்பீட்டு அறிக்கையாவது பெற்றபின்தான் கேட்கலாம். உங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

உங்கள் வரைவு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. முதற்பக்கத்தில் பரிசோதனையைப் பற்றி நான்கு வரி. இரண்டாம் பக்கம் முழுக்க நீங்கள் பெற்ற பதக்கங்கள், மேலதிகாரிகளின் பாராட்டுகள், நாட்டுப்பற்று. கடைசியில் "ஆகவே முழுவதையும் நீக்குக." தம்பி, பிறகு நல்லவனாக நடந்தேன் என்பது அன்று எழுதப்பட்டது பொய் என்பதற்குச் சான்றாகாது. இத்தகைய விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் சபைகள், உரிய அதிகாரி எழுதிவைத்தது சரியென்ற அனுமானத்தோடுதான் உங்கள் ஆவணக் கோவையைத் திறக்கும். அந்த அனுமானத்தை உடைக்கும் பாரம் உங்கள் தலையில். உங்களிடம் அதை உடைக்கக்கூடியது ஒரேயொரு தாள்தான்: பொலிஸ் நிலையப் பதிவு. அதை நான்காவது இணைப்பாகப் பின்னால் போட்டிருக்கிறீர்கள்.

மறுத்ததாகச் சொல்லும் வாக்கியத்தை நீக்கும்படி, பொலிஸ் பதிவைக் காட்டிக் கேளுங்கள். மீதிக் கண்டனத்தை ஏற்றுக்கொண்டு, அதை இடம்மாற்றும்படி உங்கள் சேவையைக் காட்டிக் கேளுங்கள். இதில் நேர்மையீனம் எங்கே இருக்கிறது? பாதி உண்மையான ஒன்றை முழுப் பொய் என்று சொல்வதுதான் நேர்மையீனம்.

இதோடு உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் எனக்கு உறுத்துவது அந்த ஏழு நாள். கண்டனத்தைப் பதிவேட்டில் எங்கே இடுவது என்று ஜெனரல் தீர்மானிப்பதற்கு முன், உங்கள் பக்கத்தை எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். எழுதியிருந்தால் அவர் வேறு தீர்மானம் எடுத்திருக்கலாம். எடுக்காவிட்டாலும் உங்கள் பதில் அந்தக் கண்டனத்தோடு சேர்ந்தே பதிவேட்டில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அதைத் திறந்த ஒவ்வொருவரும் இரண்டையும் வாசித்திருப்பார்கள். நீங்கள் கொடுத்தது வெறும் கையெழுத்து. ஏன்? வெட்கமா? பயமா? "மேலிடத்தோடு எதற்குத் தர்க்கம்" என்ற நம் வீட்டுப் பாடமா?

இந்தப் பாடம் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் தந்தையார் இவ்வூரில் ஓர் அரச அலுவலகத்தில் களஞ்சியத்துக்குப் பொறுப்பான லிகிதராக இருந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி உங்கள் அம்மம்மா சொல்லியிருப்பார். விடிந்தபோது தெருக்களில் கூரையில்லை, தொலைபேசிக் கம்பங்கள் விழுந்து கிடந்தன, அலுவலகத் தலைவர் நத்தார் விடுமுறைக்குக் கொழும்பு போயிருந்தார். களஞ்சியத்தில் படங்குகள் (தார்ப்பாய்கள்) அடுக்கியிருந்தன. வெளியே கைக்குழந்தைகளோடு மழையில் சனம். என் தந்தையார் பூட்டைத் திறந்து படங்குகளைக் கொடுத்தார்; வாங்கியவர் பெயரையும் வீட்டையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டார். கொடுத்தவற்றுள் சில திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு கணக்காய்வில் அது பிடிபட்டது. அனுமதியின்றிப் பொருள் வழங்கியதற்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது.

பெரிய லிகிதர் அவரைக் கூப்பிட்டு, "நீட்டி எழுதாதேயும், வருந்துகிறேன் என்று எழுதிவிடும், கண்டிப்போடு போய்விடும்" என்று சொன்னாராம். நல்ல மனதோடு சொன்ன அறிவுரைதான். அப்பாவின் பதில் ஆங்கிலத்தில் மூன்றே வரி. அதன் காபன் பிரதியை நான் பார்த்திருக்கிறேன். வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாள், நீல எழுத்து, குண்டூசி இருந்த இடத்தில் துருக் கறை, மேல் மூலையில் கோவையின் பக்க இலக்கம் சிவப்பு மையால். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி நடவாது, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன். சூறாவளி என்ற சொல் அதில் இல்லை. தொலைபேசி அறுந்தது இல்லை. கொப்பியைப் பற்றி ஒன்றுமில்லை.

அந்தப் பெரிய லிகிதர் ஓய்வு பெற்றார். தலைவர்கள் மாறினார்கள். அன்றிரவை அறிந்த எவரும் அலுவலகத்தில் மிஞ்சவில்லை. கோவை மட்டும் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் மேற்பதவியொன்றுக்கு விண்ணப்பித்தபோது, "பொறுப்பின்றி அரச பொருள்களை வழங்கியவர்" என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அப்பா மேன்முறையீடு எழுதினார். என் கையெழுத்துத் தெளிவு என்பதால் நான்தான் நல்ல பிரதி எடுத்தேன். இம்முறை எல்லாவற்றையும் எழுதினார்: காற்று, மழை, குழந்தைகள், கொப்பி. கிடைத்த பதிலில் ஒரு வசனம் எனக்கு மறக்கவில்லை. இச்சூழ்நிலைகளை உமது விளக்கத்தில் அன்று நீர் குறிப்பிடவில்லை என்பது கவனத்தில் எடுக்கப்படுகிறது.

அந்தப் பதிலை எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் முன்னால் இருந்தது தாள். அவர் தாளை வாசித்தார். அதிலிருந்து நான் ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டேன், எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வருகிறேன்: கேட்ட அன்றைக்கே எழுதுங்கள். பணிவாக எழுதுங்கள், தவறிருந்தால் தவறென்று எழுதுங்கள், ஆனால் நடந்ததை எழுதுங்கள். மௌனம் காத்தால் மேலதிகாரி இரங்குவார் என்ற நம்பிக்கை நம் சனத்திடம் இருக்கிறது. இரங்கவும் கூடும். அந்த அதிகாரி இடம் மாறிப் போனபின் அவருடைய இரக்கம் எந்தக் கோவையில் இருக்கும்?

உங்கள் கடிதத்தின் அடியில், "1973 செயின்ட் லூயிஸ் தீ போல என் கோவையும் எரிந்துபோனால் நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். பகிடிக்குக்கூட அப்படி எழுதாதீர்கள். அந்நகரின் ஆவணக் காப்பகத்தில் மூண்ட அந்த ஜூலை மாதத் தீயில் 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையான படையினரின் கோவைகள் போயின. எரிந்தவை கண்டனங்கள் மட்டுமா? காயம்பட்டதற்கான அத்தாட்சி எரிந்தது, பதக்கத்துக்கான ஆவணம் எரிந்தது, போரில் இருந்தேன் என்று நிறுவ வழியில்லாமல் கிழவர்கள் அலைந்தார்கள். இங்கே 1990க்குப் பிறகு, பிறப்பத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் வீட்டோடு எரிந்துபோய், தான் இன்னார் என்று காட்டுவதற்குக் மாவட்டச் செயலகமான கச்சேரியில் வரிசையில் நின்றவர்களை நீங்கள் சிறுவனாகப் பார்த்திருப்பீர்கள். தாள் அழிந்தால் பாரம் குறையும் என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே வேலைக்கு வாருங்கள். விண்ணப்பம் முதலில் இராணுவத் திணைக்களத்தின் தகைமை மதிப்பீட்டுச் சபைக்குப் போகட்டும். அங்கே மறுத்தால், குடிமக்களைக் கொண்ட இராணுவப் பதிவுகள் திருத்தச் சபை இருக்கிறது. மற்ற வழிகளை முடித்துவிட்டு வா என்பதுதான் அதன் ஒழுங்கு. அங்கே, பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்ற எல்லையுண்டு. நீதியின் நலன் கருதி அதை மன்னிக்கவும் அவர்களுக்கு அதிகாரமுண்டு. பொலிஸ் பதிவு எப்போது உங்கள் கைக்கு வந்தது, அதற்குமுன் அதைப் பெற என்ன செய்தீர்கள் என்பதைத் திகதிகளோடு எழுதுங்கள். 2015இல் ஏன் பதில் எழுதவில்லை என்பதையும் எழுதுங்கள். அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். வெட்கத்தால் எழுதவில்லையென்றால் வெட்கத்தால் என்றே எழுதுங்கள். முகாமிலேயே இலவசமாகச் சட்ட உதவி தரும் அலுவலர்கள் இருப்பார்கள். வரைவை அவர்களிடம் காட்டாமல் அனுப்பவேண்டாம்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். கோபிப்பார், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பார்.

திருத்திய வரைவை எனக்கு அனுப்புங்கள். அந்தப் பொலிஸ் பதிவு முதலாவது இணைப்பாக இருக்கவேண்டும். பரிசோதனை நடந்த நேரம் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியின் கீழ் கோடு இடுங்கள். நாட்டுப்பற்றுப் பந்தியை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து