38-ஆ, 11-ஆ?

அன்புள்ள ஐயா,

நாங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகள் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேரப் போகிறாள். இங்குள்ள இந்தியக் குடும்பங்களின் சாப்பாட்டுப் பழக்கமும் சர்க்கரை நோயும் அவள் தலைப்பு. இரண்டு பேராசிரியர்கள் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் பொதுச் சுகாதாரம், எச்-இண்டெக்ஸ் 38. இன்னொருவர் மானுடவியல், 11. முதலாமவர் யார் யாரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார் என்ற வலைப்படத்தையும் பார்த்தோம். நடுவில் பெரிய வட்டம், சுற்றிலும் ஏகப்பட்ட கோடுகள். வீட்டில் எல்லோரும் 38 என்கிறார்கள். அவளுக்கு மனசு 11 பக்கம். எதை நம்புவது? அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, உங்கள் பதிலை நான்தான் படித்துச் சொல்லப் போகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அம்மா,

நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எச்-இண்டெக்ஸ் என்பது ஒரு ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அளக்க 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. 11 என்றால், அவர் எழுதியவற்றில் 11 கட்டுரைகளை மற்றவர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 11 தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். வாழ்நாளில் மூன்றே புத்தகம் எழுதியவரை உலகமே மேற்கோள் காட்டினாலும் அவருடைய எண் 3-ஐத் தாண்டாது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவருக்கும் எண் ஏறலாம், இறங்குவது மட்டும் கிடையாது. மருத்துவம் சார்ந்த துறைகளில் கூட்டமாகச் சேர்ந்து கட்டுரை எழுதுவார்கள், ஆளுக்கு ஆள் மேற்கோளும் அதிகம். மானுடவியலில் தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் ஒரு புத்தகம் எழுதுவார்கள். உயிரியல் துறையினருக்கு எண் உயரமாக இருக்கும் என்று ஹிர்ஷே சொல்லியிருக்கிறார். ஆகவே உங்கள் 38-ஐயும் 11-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை. எங்கே பார்த்த எண் என்பதையும் கேளுங்கள். கூகிள் ஸ்காலர், ஸ்கோபஸ் இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தேடும் தளங்கள். கூகிள் ஸ்காலரில் புத்தகம், ஆய்வேடு எல்லாம் கணக்கில் வருவதால் ஸ்கோபஸைவிடப் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும்.

கூட்டத்தில் ஒருவராக இருப்பதற்கும் முழு மதிப்பெண் உண்டு. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரு இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியல்! அத்தனை பேர் கணக்கிலும் அது ஒரு முழுக் கட்டுரை. நம் தென்னாப்பிரிக்க உயர்கல்வித் துறை இதில் கெட்டி. ஒரு கட்டுரைக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தரும் மானியத்தை ஆசிரியர்களின் எண்ணிக்கைப்படி பங்கு போடுகிறது. வெளிநாட்டுக்காரர்களின் பங்கு இங்கே யாருக்கும் வராது. ஒரே கட்டுரை, ஒரு தராசில் முழுசு, இன்னொன்றில் துணுக்கு.

மேற்கோள் என்றால் பாராட்டு என்றும் இல்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதாக எண்ணவைத்த 1998-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழ்க் கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. அதை மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம், பெரும்பாலும் தப்பென்று சொல்வதற்காக. எண்ணும் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை 1955-இல் முன்வைத்த யூஜின் கார்ஃபீல்டுக்கு, ஒரு கட்டுரையைப் பிற்பாடு யார் மறுத்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிப்பதே முக்கியமாக இருந்தது. தேடுவதற்குச் செய்த பொருளைப் பிற்பாடு மார்க் போட எடுத்துக்கொண்டார்கள். (நூலக வேலையில் புள்ளியியலைப் புகுத்த வேண்டும் என்று 1948-லேயே சொன்னவர் சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நம்மூர்ப் பெருமை, விட மனசில்லை.)

இப்போது அந்த வலைப்படம். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஆள். இருவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் இடையில் ஒரு கோடு. வரைவது மென்பொருள், அது ஆளைப் பார்க்காது, பெயரைப் பார்க்கும். நம் ஊரில் நாயுடு, கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். ‘கே. நாயுடு’ என்ற பெயரில் கண் மருத்துவர் ஒருவர், கணக்கியல் ஆசிரியர் ஒருவர், பூச்சி ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தால், மூவரையும் ஒரே வட்டமாக்கிவிடும். சம்பந்தமே இல்லாத மூன்று துறைகளை இணைக்கும் பாலம் போல அந்த ஆசாமி நடுவில் நிற்பார், எண்ணும் எகிறும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நேரெதிர் தொல்லை. இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே குடும்பப் பெயர். ஒரே ஆள் மூன்று சின்ன வட்டமாகச் சிதறிப்போவார். இதற்காகத்தான் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் 2012-இல் வந்தது. அந்தப் பேராசிரியரின் ஆர்கிட் பக்கத்தைத் திறந்து, கட்டுரைகள் எல்லாம் அவருடையவைதானா என்று மகளையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காக வலைப்படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். என் கணிப்பில் ஒரு மாணவிக்கு எச்-இண்டெக்ஸைவிட அதுதான் உபயோகம், பார்க்கிற இடம் மட்டும் வேறு. நடுவிலுள்ள பெரிய வட்டத்தை விடுங்கள், ஓரத்திலுள்ள சின்ன வட்டங்களைப் பாருங்கள். அவருடைய பழைய மாணவர்கள் அங்கேதான் இருப்பார்கள். சுகாதாரத் துறையில் வேலையைச் செய்தவர் பெயர் பொதுவாக முதலில் வரும், குழுவின் தலைவர் பெயர் கடைசியில். மாணவர் பெயர் முதலில் வருகிறதா, இல்லை எப்போதும் நடுவில் புதைந்து கிடக்கிறதா? பட்டம் வாங்கிப் போன பிறகு வேறு ஆட்களோடும் கோடு நீள்கிறதா, இல்லை அந்த ஒரே கோட்டோடு நின்றுபோனதா? நின்றுபோனவை நிறைய இருந்தால் நான் யோசிப்பேன்.

மானுடவியல்காரருக்கு இந்தப் படம் உதவாது, மாணவர்கள் தனியாகவே எழுதுவார்கள். அவருக்கு வேறு வழி. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அதன் ரிசர்ச்ஸ்பேஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மேற்பார்வையாளர் பெயரோடு. மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இப்படி உண்டு. அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடு இரண்டை எடுத்து நன்றியுரையையும் கடைசி அத்தியாயத்தையும் படித்தால் போதும். இங்குள்ள தேசிய ஆராய்ச்சி நிறுவனம் (என்.ஆர்.எஃப்) ஆராய்ச்சியாளர்களுக்குத் தரும் ஏ, பி, சி தரவரிசையையும் பாருங்கள், பட்டியல் பொதுவில் இருக்கிறது. கடந்த எட்டாண்டு வேலையைத் துறைசார்ந்தவர்கள் படித்துச் சொன்ன கருத்தை வைத்துத் தருவது அது, வெறும் எண்ணிக்கை இல்லை.

அப்புறம், சாப்பாடும் சர்க்கரையும் என்பது இரண்டு துறைக்கும் நடுவில் நிற்கும் தலைப்பு. ஒருவரை மேற்பார்வையாளராகவும் மற்றவரை இணை மேற்பார்வையாளராகவும் வைத்துக்கொள்வது இங்கே சகஜம். இரண்டு பேரிடமும் வெளிப்படையாகக் கேட்கலாம், தப்பில்லை. ஒத்துக்கொண்டால், யார் முதன்மை, கட்டுரைகளில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை மட்டும் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.