தனியாக வளரும் பெண் காக்டெயில் கிளி அடிக்கடி முட்டை வைக்கிறது, இப்போது கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. முட்டை மாட்டிக்கொண்டதா? என்ன செய்வது?

நீங்கள் விவரத்தில் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். இரண்டரை வயதுப் பெண் காக்டெயில், ஜோடி கிடையாது. இந்த வருடம் மட்டும் மூன்று தடவை முட்டை வைத்திருக்கிறது. வைக்க வைக்க எடுத்து வெளியே போட்டிருக்கிறீர்கள். நேற்று மாலையிலிருந்து கம்பில் ஏறாமல் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது, அடிவயிறு புடைத்திருக்கிறது. விளக்கெண்ணெய் தடவலாமா, ஆண் பறவை ஒன்று வாங்கி விட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

மிச்சத்தைப் படிப்பதற்கு முன்னால் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போன் பண்ணிவிடுங்கள். ஒரு ராத்திரி பார்க்கலாம் என்பதெல்லாம் இதில் வேண்டாம். முட்டை மாட்டியிருந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை கெட்டுவிடலாம். உங்கள் பறவை ஏற்கெனவே ஓர் இரவைத் தாண்டிவிட்டது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், காக்டெயில் மொத்தமே 80 முதல் 100 கிராம் எடைதான். அதன் முட்டை 5, 6 கிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் மூன்று கிலோவுக்கு மேல் கனமான ஒன்றை, ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கைந்து தடவை பெற்றெடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது வழியில் நின்றுவிட்டால் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அழுத்தும். காலுக்குப் போகும் நரம்பு நசுங்கினால் கால் தளர்ந்து, கம்பைப் பிடிக்க முடியாமல் தரைக்கு வந்துவிடும். எச்சமும் சிறுநீரும் வெளியே வர வழியில்லாமல் போகும். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பைகளை வைத்துத்தான் மூச்சு விடுகிறது. வயிற்றில் இடம் குறைந்தால் மூச்சும் முட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் நேரம் ரொம்பக் குறைவு.

ஆனால் தரையில் உட்கார்ந்த எல்லாப் பெண் பறவைக்கும் முட்டை மாட்டியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அடை உட்கார்ந்த பறவையும் தரையில்தான் இருக்கும். அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்ச நேரம் கவனித்தால் தெரிந்துவிடும். அடையில் இருப்பது முட்டை மேல் அல்லது முட்டை இருந்த மூலையில் உட்காரும். கையை நீட்டினால் சீறும், கொத்தவும் வரும். நாளுக்குச் சில தடவை எழுந்து வந்து அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, அடக்கி வைத்திருந்த எச்சத்தைப் பெரிதாக, நாற்றத்தோடு போட்டுவிட்டுத் திரும்பிப் போகும். கண்ணில் உயிர் இருக்கும். முட்டை மாட்டியது அப்படி இருக்காது. இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, காலை அகட்டி நிற்கும் அல்லது படுத்திருக்கும். அவ்வப்போது முக்கும். எச்சம் நின்றுபோகும், அல்லது சொட்டு நீராக வரும். கிட்டப் போனாலும் கண்டுகொள்ளாது. பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும் ஜாதி. ஆள் பார்க்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது இனி மறைக்கக்கூடத் தெம்பில்லாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியது சூடு கொடுப்பதுதான். சுற்றியுள்ள காற்று 30 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். கூண்டின் மூன்று பக்கமும் துணியால் மூடி, ஒரு பக்கம் மட்டும் குண்டு பல்பு அல்லது துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டில் வையுங்கள். சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு கூடிவிட்டது. மே மாதச் சென்னையில் இருந்தால் பல்பே வேண்டாம், ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தினாலே போதும். பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்தால் காற்றில் ஈரப்பதம் இருக்கும். தண்ணீரும் தீனியும் தரையிலேயே எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகள், பூனை, டிவி சத்தம் எதுவும் வேண்டாம்.

விளக்கெண்ணெய் வேண்டாம். கிராமத்தில் கோழிக்குச் செய்வார்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். பின்துவாரத்தில் வெளியே தடவும் எண்ணெய் உள்ளே முட்டை நிற்கும் இடத்துக்குப் போகாது. இறகில் ஒட்டி, உடம்புச் சூட்டைக் காக்கும் பஞ்சு இறகைப் பாழாக்கும். அதைவிட ஆபத்து வயிற்றைப் பிடித்துவிடுவது, அமுக்குவது. உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுச் சில்லு முட்டைக் குழாயைக் கிழிக்கும், குழாயே வெளியே பிதுங்கவும் செய்யும். அப்படிச் சிவப்பாகச் சதை ஏதாவது வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான உப்பு நீரில், மருந்துக் கடையில் சலைன் என்று கேட்டால் கிடைக்கும், நனைத்து ஈரமாக வைத்துக்கொண்டே கிளம்புங்கள். கால்சியம் சிரப்பை வாயில் ஊற்றலாமா என்றும் கேட்பார்கள். தளர்ந்துபோன பறவைக்குச் சொட்டு மருந்து மூச்சுக்குழாயில் போய்விடும். மருத்துவர் போனில் அளவு சொல்லி, பறவையும் தெம்பாக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

எங்கே போவது? பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய்தான் பார்ப்பார்கள். போகும் முன்பே போனில் இரண்டு விஷயம் கேளுங்கள்: கிளி வகைப் பறவை பார்ப்பீர்களா, எக்ஸ்ரே இருக்கிறதா. சென்னையிலோ பக்கத்திலோ இருப்பவர்களுக்கு வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. காற்று ஓட்டை போட்ட சின்ன அட்டைப் பெட்டியில் துண்டு விரித்துக் கொண்டுபோங்கள். பெரிய கூண்டோடு பஸ்ஸில் ஆட்டிக்கொண்டு போக வேண்டாம். கடைசி முட்டை எந்தத் தேதி, ஓடு எப்படி இருந்தது, என்ன தீனி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும்.

அங்கே என்ன செய்வார்கள் என்பதை எங்கள் வீட்டுக் காக்டெயில் ராஜாவை வைத்துச் சொல்கிறேன். ஆண் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார், நாங்களும் பெயர் வைத்துவிட்டோம். சாம்பல் நிறக் காக்டெயிலில் முதல் தடவை இறகு உதிர்ந்து முளைத்த பிறகு ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும், பெண்ணுக்கு வாலின் அடியில் கோடுகள் அப்படியே இருக்கும். குஞ்சில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சரி, அந்த ராஜா ஒருநாள் இப்படித் தரையில் படுத்துவிட்டாள். மருத்துவர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார், முட்டை வட்டமாகத் தெரிந்தது. ஓடு சரியாக உருவாகாத தோல் முட்டை என்றால் எக்ஸ்ரேயில் பிடிபடாது, ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். துத்தநாகப் பூச்சுள்ள கூண்டுக் கம்பியைக் கடித்து விஷமேறினாலும் பறவை இதே மாதிரி தரையில் உட்காரும், அதுவும் படத்தில் தெரிய வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு கட்டக் கூடாது என்கிறேன். கால்சியம் ஊசி போட்டார், தோலுக்கடியில் திரவம் ஏற்றினார், வலிக்கு மருந்து கொடுத்து வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தார். சாயங்காலம் அங்கேயே முட்டை வந்துவிட்டது. ஓடு மணல் தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. அப்படி வராவிட்டால் மயக்கம் கொடுத்து, முட்டைக்குள் ஊசி செலுத்திச் சத்தை உறிஞ்சி, ஓட்டைச் சுருங்கவைத்து எடுப்பார்கள். அறுவைச் சிகிச்சை கடைசி வழி.

அதன்பிறகு மருத்துவர் முட்டையைப் பற்றிப் பேசியதைவிட எங்கள் ஹால் விளக்கைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நீங்களும் இந்த ஆபத்தைத் தாண்டியவுடன் பார்க்க வேண்டியது அதைத்தான். முட்டை மாட்டுவது கடைசியில் நடப்பது, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை முட்டை வைப்பதுதான் உண்மையான வியாதி. ஆண் இல்லாமலே முட்டை வரும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குஞ்சு மட்டும் பொரிக்காது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் வேண்டிய கால்சியம் தீனியிலிருந்து வர வேண்டும், வராவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பும் காலியான பிறகு தசை சுருங்கி முட்டையைத் தள்ளவே தெம்பிருக்காது, ஏனென்றால் தசை வேலை செய்யவும் கால்சியம்தான் வேண்டும்.

காக்டெயிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. மழை பெய்து, புல் விதை நிறைந்து, தண்ணீர் தேங்கினால்தான் அங்கே கூடு கட்டும். நம் வீட்டில் தினமும் நிறைந்த தீனிக் கிண்ணம், ஊறவைத்த தானியம், ராத்திரி பதினொன்று வரை ட்யூப் லைட், டிவி. அதற்கு வருடம் முழுக்க மழைக்காலம். அதனால் முதல் வேலை இருட்டு. சாயங்காலம் ஆறு, ஆறரைக்கெல்லாம் கூண்டை வேறு அறைக்குக் கொண்டுபோய் மூடிவிடுங்கள், 12 முதல் 14 மணி நேரம் இருட்டு கிடைக்கட்டும். சில வாரம் இப்படிப் போனால் முட்டை வைக்கும் உந்துதல் அடங்கும். லவ் பேர்ட்ஸுக்கு என்று கடையில் விற்கும் மண் கலயம், மரப்பெட்டி எது தொங்கினாலும் எடுத்துவிடுங்கள். கண்ணாடியையும் எடுங்கள், அதில் தெரியும் பறவையை அது ஜோடியாக நினைக்கும். வெளியே விடும்போது சோபா அடி, அலமாரி இடுக்கு என்று இருட்டு மூலை தேடிப் போனால் தடுங்கள். முதுகையும் வால் பக்கத்தையும் தடவிக் கொடுப்பது கூடாது. அங்கே தடவினால் உங்களையே ஜோடியாக எடுத்துக்கொள்ளும். தலையைச் சொறிவதோடு நிறுத்துங்கள். இதை வீட்டில் பாட்டியிடம் புரியவைப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது.

முட்டையை எடுத்துப் போடுவதையும் நிறுத்துங்கள். எடுக்க எடுக்க, எண்ணிக்கை குறைகிறதே என்று அது மறுபடி வைக்கும். அப்படியே விட்டால் நான்கைந்தோடு நிறுத்தி அடை உட்காரும். மூன்று வாரம் போல உட்கார்ந்துவிட்டுப் பொரியவில்லை என்று தானே விலகிப்போகும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். உடைந்தால் அதே அளவு பிளாஸ்டிக் முட்டை வையுங்கள்.

தீனி விஷயத்தில், தினையும் சூரியகாந்தி விதையும் கலந்த பாக்கெட் மட்டும் போட்டு வளர்த்தால் கால்சியமும் இல்லை, வைட்டமின் ஏவும் இல்லை, கொழுப்பு மட்டும் ஏறும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். அதைக் கூண்டில் எப்போதும் கட்டி வையுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், மஞ்சள் பூசணி கொடுங்கள். பாலக் கீரை வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. அவகாடோ பக்கமே போகக் கூடாது, பறவைக்கு விஷம். கால்சியம் உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும், அதுவும் ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பிரயோஜனமில்லை. இளங்காலையில் மொட்டை மாடியில், பாதி நிழலோடு, காக்கைக்கும் பூனைக்கும் காவலாக நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. நகை எடை போடும் மாதிரிச் சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எடை பாருங்கள். திடீரென்று எடை கூடி, எச்சம் பெரிதானால் அடுத்த முட்டை தயாராகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்தும் நிற்கவில்லை என்றால் ஹார்மோனை அடக்கும் லியூப்ரோலைடு ஊசி, டெஸ்லோரெலின் என்று தோலுக்கடியில் வைக்கும் மருந்து உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள். பெண் பறவைக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நாய்க்குச் செய்கிற மாதிரி எளிதில்லை, ஆபத்து அதிகம்.

ஜோடி வாங்குவது பற்றி: வேண்டாம். ஆண் வந்தால் முட்டை குறையாது, கூடும். ஏற்கெனவே எலும்பு கரைந்த பறவைக்கு அடுத்து குஞ்சுக்கு ஊட்டும் வேலையும் சேரும். தனியாக இருக்கிறதே என்று பாவமாக இருந்தால் கொறிக்க ஓலை, பிய்க்க அட்டை, பகலில் உங்களோடு ஒரே அறையில் இடம், இவ்வளவு கொடுங்கள். குறைந்தது ஒரு வருடம் முட்டையில்லாமல் போய், எடையும் நிலையாக இருந்து, மருத்துவரும் சரி என்றால் அப்போது ஜோடியைப் பற்றி யோசிக்கலாம். இப்போதைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அவர் என்ன சொன்னார் என்று கீழே எழுதுங்கள்.