இணையப் பண்பாட்டில் இனம், பாலினம், வர்க்கம்: ஆய்வை எங்கே தொடங்குவது?

கேள்வி: ஊடகவியல் முதுகலை படிக்கிறேன். இணையத்தில் இனம், பாலினம், பாலீர்ப்பு, வர்க்கம் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று ஆய்வு செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

இந்தத் தலைப்போடு என்னிடம் வரும் மாணவர்கள் பலரும் முதலில் செய்வது வசவுப் பின்னூட்டங்களைத் திரட்டுவதுதான். ஒரு நடிகையின் படத்துக்குக் கீழே வந்ததையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுக்கிவிடுவார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், யாரோ நாலு கெட்டவர்கள் பேசுகிற பேச்சு என்பதைத் தாண்டி ஆய்வு நகராது. அதனால் தளத்தின் அமைப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். பயனரிடம் அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது, யாரைப் பின்னால் தள்ளுகிறது, யாருடைய உழைப்பில் ஓடுகிறது என்று பாருங்கள்.

நான் முதலில் படிக்கக் கொடுப்பது அமெரிக்க ஊடக ஆய்வாளர் லிசா நாகமுரா 1995இல் எழுதிய ஒரு கட்டுரை. அது லாம்டாமூ பற்றியது. 1990இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்டிஸ் தொடங்கிய, முழுக்க எழுத்தாலான ஓர் இணைய உலகம் அது. படம் கிடையாது. நீங்கள் யார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே பாலினத்துக்கு ஆண், பெண் தவிர வேறு பல தேர்வுகளும் இருந்தன. இனத்துக்குத் தேர்வே இல்லை. சரி, அப்படியானால் இனமே இல்லாத உலகம்தானே என்று தோன்றும். நடந்தது வேறு. தன் இனத்தைக் குறிப்பிடாத எவரும் வெள்ளையர் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டார். ஆசியக் கதாபாத்திரங்களாக வந்தவை பெரும்பாலும் சாமுராய், நிஞ்சா, அடக்கமான கீழைநாட்டுப் பெண் என்கிற பழைய வார்ப்புகள். கொஞ்ச நேரம் இன்னொரு இனமாக உலாவிவிட்டுத் திரும்பும் இந்தப் பழக்கத்தை நாகமுரா 'அடையாளச் சுற்றுலா' என்றார். இனவசைக்கு எதிராக ஒரு விதி வேண்டும் என்று அங்கே மனு போட்டபோது, 'இனத்தை எழுதாமல் இருந்துவிட்டால் யாரும் வம்புக்கு வரமாட்டார்களே' என்ற வாதம் எழுந்தது. மனு நிறைவேறவில்லை. அந்த வாதத்தை மட்டும் எடுத்து நிதானமாகப் படியுங்கள். யார் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, யாருக்கு அந்தத் தேவையே வருவதில்லை என்பது அதில் அப்படியே இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இதே வாதத்தை வாரம் ஒருமுறையாவது எங்காவது பார்க்கிறேன்.

நம் ஊர்த் திருமணத் தளங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே சாதிக்கென்று ஒரு கட்டம் தயாராக இருக்கும், 'சாதி தடையில்லை' என்பதும் ஒரு தேர்வாகவே வரும். தமிழ்ச் சூழலில் ஆய்வு செய்கிறீர்கள் என்றால் உங்கள் பட்டியலில் சாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இங்கே வர்க்கத்தைக்கூட விளக்க முடியாது.

பாலீர்ப்புக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2014 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஃபேஸ்புக்கோடு நடந்த மோதல். பெண் வேடத்தில் மேடையேறும் டிராக் கலைஞர்கள் பலரின் கணக்குகள், 'உண்மைப் பெயர்' இல்லை என்று சொல்லி முடக்கப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததும் அக்டோபர் 1 அன்று ஃபேஸ்புக் அதிகாரி கிறிஸ் காக்ஸ் மன்னிப்புக் கேட்டார். ஒரே ஆள் பல நூறு கணக்குகளைப் போலி என்று புகார் செய்திருந்தார் என்பதும் காக்ஸ் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அந்த நிறுவனம் 50க்கும் மேற்பட்ட பாலினத் தேர்வுகளைக் கொண்டுவந்து பாராட்டு வாங்கியிருந்தது. படிவத்தில் இடம் கொடுத்தவர்களையே புகார் பொத்தான் வெளியே தள்ளியது. படிவத்தை மட்டும் பார்த்து ஆய்வை முடித்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வர்க்கம். 2020 மார்ச்சில் டிக்டாக்கின் உள் விதிகள் கசிந்தன. பரிந்துரைப் பக்கத்தில் எந்த வீடியோக்கள் வரக்கூடாது என்று அதில் இருந்தது: குடிசைப் பகுதி, வயல்வெளி, சுவரில் விரிசல், பழைய அலங்காரம், 'அழகில்லாத' முகம். அந்த விதிகளில் பலவும் இப்போது நடைமுறையில் இல்லை என்றது நிறுவனம். இருந்தாலும் சுவர் விரிசலை ஒருவர் உட்கார்ந்து விதியாகத் தட்டச்சு செய்திருக்கிறார் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. இதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2019 ஏப்ரல் 3 அன்று, சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதே செயலிக்கு இடைக்காலத் தடை விதித்து, ஏப்ரல் 24இல் விலக்கிக்கொண்டது. ஆபாசம், குழந்தைகளின் பாதுகாப்பு, பண்பாட்டுச் சீரழிவு என்று அப்போது நம்மிடையே பேசப்பட்டவற்றைத் தேடிப் படியுங்கள். குழந்தைகள் பற்றிய கவலை நியாயமானது. எந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்த, எந்த மாதிரிப் பெண்களின் ஆட்டம் சீரழிவாகப் பட்டது என்பது தனிக் கேள்வி. தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டிய ஆய்வு அது. நீங்களே எடுத்துச் செய்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

திரைக்கு முன்னால் நடப்பதை மட்டும் பார்க்காமல், கருவிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பாருங்கள். 1965 முதல் 1975 வரை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஷிப்ராக்கில் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் ஃபேர்சைல்ட் நிறுவனம் மின்னணுச் சிப் தொழிற்சாலை நடத்தியது. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் நவாஹோ பெண்கள். நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் நவாஹோ கம்பளத்தின் நெசவுக் கோலத்தையும் சிப்பின் கோலத்தையும் ஒப்பிட்டிருந்தார்கள். நெய்து பழகிய விரல்களுக்கு இது இயல்பாகவே வரும் என்பது அதன் பொருள். நாகமுரா 2014இல் இதைப் பற்றி எழுதும்போது காட்டியது முக்கியமானது: திறமையைப் பிறவிக் குணமாக்கிவிட்டால், அதைத் தொழில்திறன் என்று மதித்துக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. இன்று உலகெங்கும் பதிவுகளை வடிகட்டியும் படங்களுக்குப் பெயரிட்டும் தருகிற தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையேடுதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம், களத்தில் இறங்குமுன் ஒரு வேண்டுகோள். சாதாரண ஆட்களின் பதிவுகளை வரி மாறாமல் மேற்கோள் காட்டாதீர்கள். பெயரை நீக்கினாலும், அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆள் அகப்பட்டுவிடுவார். குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதும் திருநர் ஒருவருக்கோ, ஊரில் சாதி சொல்லாமல் வாழும் ஒருவருக்கோ உங்கள் ஆய்வேடு வினையாகிவிடக் கூடாது. பொருள் மாறாமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள், முடிந்தால் அவரிடமே அனுமதி கேளுங்கள். இணைய ஆய்வாளர்கள் சங்கம் 2002, 2012, 2019 ஆண்டுகளில் அறநெறி வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டு வழிகாட்டியை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு தரவு திரட்டுங்கள்.